சாளைக்கு எந்தக் கதவு?

எங்க உடுமலைப் பக்கம் கராஜ்னு யாரும் சொல்றதில்லை. தோட்டத்துல வண்டியும் சாமானும் கிடக்கற ஓட்டுக் கொட்டகைக்கு சாளைன்னு பேரு. எங்க அப்பாரு காலத்துல அதுக்குள்ள மாட்டு வண்டியும் கலப்பையும்தான் கிடந்துச்சு. கதவே கிடையாது. தோட்டத்துல இருந்த ஒரே கதவு ஆட்டுப்பட்டிக்குப் போட்ட முள்ளுப் படல். அதுவும் திருடனுக்காக இல்லை, நரிக்காக.

இப்ப அதே இடத்துல 45 குதிரைத்திறன் டிராக்டர் நிக்குது. பேட்டரி, சொட்டுநீர் டியூப், மோட்டார் கேபிள் எல்லாம் உள்ள. ராத்திரியோட ராத்திரியா கேபிளை வெட்டிட்டுப் போய், எரிச்சு, செம்பை எடைக்குப் போடறவங்க இருக்காங்க. அதனால போன வருசம் கதவு போடறதுன்னு முடிவாச்சு.

வெல்டிங் பட்டறைக்காரர் டேப்போட வந்தார். "ஏனுங்க, ஷட்டரே போட்டுறலாமுங்களா? கடைக்கெல்லாம் அதுதானுங்க போடறோம்"னார்.

ஷட்டர் நல்லதுதான். முன்னாடி இடம் அடைக்காது, மேலயே சுருண்டுக்கும். ஆனா டிராக்டர் ஆறடி அகலம், பின்னாடி மாட்டற ரோட்டவேட்டர் ஏழடிக்குப் பக்கம். இருட்டுல ரிவர்ஸ் எடுக்கணும்னா ரெண்டு பக்கமும் கை அகலம் தாராளமா வேணும். எங்க வாசல் 12 அடி அகலம், 10 அடி உயரம். அந்த அளவுக்கு ஷட்டர் போட்டா வெறுங்கையில தூக்க முடியாது, பல்சக்கரமும் செயினும் வேணும். சுருள் மேல ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தை முழுங்கிடும். உள்ள இருக்கற ஸ்பிரிங்தான் பாரத்தைத் தாங்குது. அது அறுந்தா மொத்த எடையும் கீழ நிக்கறவங்க மேலதான்.

அடுத்தது ரெட்டைக் கதவு, கீல் போட்டுத் தள்ளித் திறக்கறது. செலவு கம்மி, ரிப்பேர் கம்மி. ஆனா எங்க ஊருக்கு ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வரும். இங்க இத்தனை காத்தாலை நிக்கறதே அந்தக் காத்தை நம்பித்தான். தகரம் அடிச்ச ஆறடிக் கதவை அந்தக் காத்துல பாதி திறந்து விட்டா பாய்மரம் மாதிரி ஆயிடும். கை விரலு போயிடும், இல்லேன்னா கீலு போயிடும்.

மூணாவது, பக்கவாட்டுல நகர்த்தற கதவு. தரையில தண்டவாளம் வெச்சா மண்ணும் சாணியும் தென்னஞ்சருகும் போய் அடைச்சுக்கும். அதனால சக்கரம் மேல, கதவு தொங்கற மாதிரி. கீழ ஆடாம இருக்க ஒரு சின்ன வழிகாட்டிக் கம்பி மட்டும். ஒத்தைக் கதவா இருந்தா ஒரு பக்கம் 12 அடிச் சுவரு வேணும். எங்களுக்கு ரெண்டு கதவு, பக்கத்துக்கு ஆறடி.

இதுல எதைப் போடறதுன்னு முடிவு பண்ணினது அம்மா. அவங்களுக்கு 71 வயசு, முழங்கால் வலி. "ஏங்கண்ணு, நீங்க ரெண்டு பேரும் சந்தைக்குப் போயிட்டா, மழை வந்தா தார்ப்பாயை யாரு எடுக்கறது?"ன்னு கேட்டாங்க.

கேள்வி சரியானது. களத்துல தேங்காய்ப் பருப்பு காயும். சித்திரை மாசத்து மழை சொல்லிட்டு வராது. பத்து நிமிசம் நனைஞ்சா பூஞ்சை புடிச்சுக்கும், விலை விழுந்துடும். தார்ப்பாய் இருக்கறது சாளைக்குள்ள. குனிஞ்சு பூட்டைத் திறந்து செயின் இழுக்கற வேலை அம்மாவுக்கு ஆகாது. தொங்கு கதவை ஒத்தைக் கையால தள்ளலாம். பூட்டும் இடுப்பு உயரத்துல. அதையே போட்டோம். நான் தளி ரோட்டுல வந்துட்டிருந்த ஒரு மத்தியானம், மழை வந்து போனதே வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுது. பருப்பு மேல தார்ப்பாய் கிடந்துச்சு, நாலு மூலையிலும் கல்லு.

நகரத்துல வீடு கட்டறவங்களும் இதைத்தான் முதல்ல கேக்கணும். யாரை வெளிய நிறுத்தறதுக்குன்னு எல்லாரும் பாக்கறோம். யாரு திறக்கப் போறாங்க? ரிமோட் ஷட்டர்னா கரண்ட் இல்லாதப்ப கையால திறக்க வழி இருக்கான்னு, காசு குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்களை விட்டே திறந்து பாக்கச் சொல்லுங்க. கதவுக்குக் கீழ இடைவெளி விடாதீங்க, எலி வந்து வயரைக் கடிக்கும். அதுக்காக முழுசா அடைக்கவும் வேண்டாம். சுவத்துல மேலயும் கீழயும் கம்பி வலை போட்டு காத்து போக வழி விடுங்க. கதவைச் சாத்திட்டு உள்ள எஞ்சினை ஓட விடறது உசுருக்கே ஆபத்து.

கடைசியா ஒரு விசயம். சாளைக்குள்ளதான் பூச்சி மருந்தும் இருக்கு. கிராமத்துல வளர்ந்த எல்லாருக்கும், மருந்தால போன ஒரு முகமாவது ஞாபகத்துல இருக்கும். எனக்கும் இருக்கு. பத்தாவதுல பக்கத்து பெஞ்சுல உக்காந்தவன். கோவத்துலயோ மனசு ஒடிஞ்சோ வர்ற அந்த நினைப்பு பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான் நிக்கும். அந்த நேரத்தைக் கடத்திட்டா ஆளு பொழைச்சுக்குவாங்க. கை நீட்டினா எட்டற தூரத்துல மருந்து இருந்தா கடத்த முடியாது.

அதனால கதவு போட்ட அன்னைக்கே உள்ள ஒரு இரும்புப் பெட்டியும் அடிச்சு சுவத்தோட இறுக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் எதுக்குன்னு கேக்கலை. அதுக்கு மட்டும் கூலியும் வாங்கலை.

வேலைக்கு வேணுங்கற அளவு மட்டும் மருந்து வாங்கறோம். மிச்சம் இருந்தா அந்தப் பெட்டிக்குள்ள போயிடும். சாளைச் சாவி வாசப்படி ஆணியில தொங்குது, வீட்டுல யாரு வேணாலும் எடுக்கலாம். பெட்டிச் சாவி அங்க தொங்கறதில்லை.