பஜனைக் குழு பேஸ் கிட்டாரும் நான் செய்த தப்பும்

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிச்சிடுங்க. நவராத்திரிக்கு மைக், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாத்தையும் ஸ்டோர்ல இருந்து வெளியே எடுக்கிற நேரம் வந்துட்டது. அதனால இப்பவே எழுதுறேன்.

நம் வெள்ளிக்கிழமை பஜனையில் வாசிக்கும் பேஸ் கிட்டார் ஒரு அன்பர் உபயமாகக் கொடுத்தது. ஜாஸ் பேஸ் என்பார்கள். அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி 1960-ல் கொண்டுவந்த அமைப்பு அது. பேட்டரி கிடையாது. உள்ளே இரண்டு பிக்அப், இரண்டு வால்யூம், ஒரு டோன், ஒரு கப்பாசிட்டர், அவ்வளவுதான். பல மாதமாக அதில் ஒரே 'ம்ம்ம்' இரைச்சல். தேவாரம் பாடும் அம்மாக்கள்கூட, "என்ன தம்பி, வண்டு பறக்குதா?" என்று கேட்டுவிட்டார்கள்.

வாசிக்கும் தம்பிக்கு 17 வயது. போனில் பார்த்துவிட்டு வந்து, "அங்கிள், கப்பாசிட்டர் மாத்தினா சரியாயிடுமாம். நல்லது வாங்கணும்னா விலை கூட" என்றான். ஆலயப் பணத்தில் அதை வாங்க எனக்கு மனசு வரவில்லை. "முதல்ல பார்த்துடுவோம்டா" என்று ஒரு ஞாயிறு மண்டபத்து மேசையில் வைத்துத் திறந்தேன்.

திறப்பதற்கு முன்னே ஒரு சோதனை செய்தோம். கம்பிகளைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும். குறையவில்லை. கேபிள் செருகும் இடத்து இரும்பைத் தொட்டதும் அடங்கிவிட்டது. அப்படி என்றால் கம்பிகளுக்கும் எர்த்துக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரும் அதையே காட்டியது. பிரிட்ஜுக்கு அடியில் போகும் மெல்லிய வயர் ஒன்று விட்டுப் போயிருந்தது. பிக்அப் இரண்டும் ஏழு, எட்டு கிலோ ஓம் காட்டின. அதாவது நல்லாவே இருந்தன.

கப்பாசிட்டர் மேல் 473 என்று போட்டிருந்தது. 47-க்குப் பின்னால் மூன்று சைபர், 47,000 பிக்கோ ஃபாரட், அதாவது 0.047 மைக்ரோ ஃபாரட். டோனைக் குறைக்கும்போது கூர்மையான சத்தத்தை எர்த்துக்கு இறக்கிவிடுவதுதான் அதன் வேலை. இரைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அளந்தபோது கொஞ்சம் குறைவாகக் காட்டியதால் அதே அளவில் ஒரு சாதாரண ஃபிலிம் கப்பாசிட்டர் போட்டேன். இரண்டு வெள்ளிகூட ஆகவில்லை. கரகரத்த வால்யூம் ஒன்றை 250 கிலோ ஓமில் புதிதாக மாற்றினேன். உள் குழியில் செப்புத் தாள் ஒட்டி எர்த்தோடு சேர்த்தேன். பிரிட்ஜ் வயரைத் திரும்பச் சுரண்டிச் சுத்தம் செய்து ஈயம் வைத்தேன்.

ஆம்ப்பில் மாட்டினோம். சுத்தமான சத்தம். தம்பி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் பெருமைதான், மறைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. முதல் பாட்டில் கூடச் சேர்ந்து பாட மைக்கிடம் குனிந்தவன், "ஆ!" என்று பின்னால் துள்ளினான். உதட்டில் ஷாக். கை கம்பியில், உதடு மைக்கில். அவன் அம்மா பெண்கள் வரிசையில் இருந்து எழுந்து ஓடி வந்தார். நான் ஓடிப்போய் ஆம்ப்பின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, முருகன் காப்பாற்றினான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. நான் சரிசெய்த பிறகுதானே அடித்தது?

மறுநாள் காலை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆம்ப் நல்ல ஆம்ப், பிளக்கில் மூன்று முள்ளும் இருக்கிறது. அதைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் வயரில்தான் வினை. உள்ளே இரண்டே இரண்டு வயர், எர்த் வயரே இல்லை. எர்த் இல்லாத ஆம்ப்பின் இரும்பு உடலில் கசிவு மின்சாரம் ஏறி நிற்கும். கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே மீட்டர் வைத்தேன், நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மைக் போகும் மிக்சர் வேறு பிளக்கில் ஒழுங்கான எர்த்தோடு இருந்தது. நடுவில் பாலமாக நின்றது அந்தப் பிள்ளை.

முன்பெல்லாம் பிரிட்ஜ் வயர் அறுந்து கிடந்ததால் கம்பி வழியாக அவனுக்கு ஒன்றும் வரவில்லை. நான் வயரைச் சேர்த்ததும் வழி திறந்துவிட்டது. நான் செய்த வேலை சரியானதுதான், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த வயர் எங்கே போய்ச் சேருகிறது என்று நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த எக்ஸ்டென்ஷனைச் செய்தவனும் நானேதான். ஒரு திருவிழாவில் அன்னதானக் கூடாரத்து விளக்குக்காக, இருந்த இரண்டு வயர் கேபிளில் அவசரமாக பிளக் மாட்டினேன். "ஒரு ராத்திரிக்குத்தானே" என்று. அது ஸ்டோரில் மற்றதோடு கலந்துவிட்டது. தொழிற்சாலையில் மெஷினை நிறுத்திப் பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிடாமல் ஒருத்தரையும் கை வைக்க விடமாட்டேன். கோவிலில் மட்டும் 'சாமி பார்த்துக்குவார்' என்று விட்டுவிட்டேன்.

"மெயின் போர்டில் ஈ.எல்.சி.பி. இருக்கே, ஏன் விழவில்லை?" என்று தலைவர் கேட்டார். நம்முடையது 30 மில்லி ஆம்ப்பில் விழுவது. உதட்டில் சுருக்கென்று அடிக்க ஒன்றிரண்டு மில்லி ஆம்ப் போதும். அதனால் அது விழாது. ஆனால் ஆம்ப்புக்குள் இன்சுலேஷன் கெட்டிருந்தால் 230 வோல்ட்டும் நேரே கம்பிக்கு வந்திருக்கும். அதை நினைத்தால் இப்பவும் கை நடுங்குது.

அந்த வயரை எல்லார் முன்னாலும் வெட்டிப் போட்டேன். தம்பியின் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன். "விடுங்கண்ணே, இனிமே பார்த்துக்குங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

எல்லா ஆலயத் தொண்டர்களுக்கும் என் வேண்டுகோள். ஸ்டோரில் இருக்கும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் மீட்டர் வைத்துப் பாருங்கள், எர்த் வருகிறதா என்று. இரைச்சலை நிறுத்த எர்த் வயரைக் கழற்றாதீர்கள். மைக்கும் ஆம்ப்பும் ஒரே எர்த்தில் இருக்கட்டும். ஈ.எல்.சி.பி. பட்டனை அழுத்திச் சோதியுங்கள். கிட்டாருக்குள் இருக்கும் கப்பாசிட்டர் ஒன்றும் செய்யாது, பிள்ளைகள் பழகலாம். ஆம்ப்புக்குள் இருப்பது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதைத் திறக்கவே வேண்டாம். சுவர் வயரிங் வேலைக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

தம்பி இப்போ திரும்பவும் வாசிக்கிறான். வாசிப்பதற்கு முன்னே அவனே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கட்டை விரலைக் காட்டுவான். அப்புறம்தான் விநாயகர் பாட்டு ஆரம்பிக்கும்.

இந்த வெள்ளிக்கிழமை வாங்க, வண்டுச் சத்தம் இல்லாமல் கேட்கலாம்.

வேலும் மயிலும் துணை.