பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

நாற்பத்தாறு வயதில் புது பாஷை ஒன்று கற்கத் தொடங்கியிருக்கிறேன் என்று சொன்னதும், "வங்காளியா, சம்ஸ்கிருதமா?" என்று நண்பர்கள் விசாரித்தார்கள். நாவலாசிரியனுக்கு வேறு என்ன ஆசை வரும் என்பது அவர்கள் எண்ணம். நான் கற்கத் தொடங்கியதோ எஸ்.க்யூ.எல். இதை எடு, இந்த அட்டவணையிலிருந்து எடு, இன்ன நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் எடு என்று கட்டளையிடுவதற்கு ஏற்பட்ட பாஷை அது. வர்ணனைக்கு அதில் இடமே கிடையாது.

இராத்திரியில் கதை எழுதினாலும் பகலில் நான் ஒரு கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் குமாஸ்தா. காலேஜில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடிக்காதவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். மில் தொழிலாளர்களின் பங்குத் தொகை, மாதச் சேமிப்பு, கடன் எல்லாம் பாக்ஸ்ப்ரோ என்ற மென்பொருளில் கிடந்தன. அதன் பூர்வ கதை சுவாரசியமானது. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் வேய்ன் ராட்லிப் என்பவர், ஆபீஸ் சகாக்கள் கட்டும் கால்பந்துப் பந்தயத்தில் ஜயிக்கும் வழி தேடிக் கணினிக்கு எழுதிய ஏற்பாடுதான் பிற்பாடு டிபேஸ் ஆயிற்று. அதே வம்சத்தில் வந்தது பாக்ஸ்ப்ரோ. 1992-ல் மைக்ரோஸாப்ட் அதை விலைக்கு வாங்கியது. 2004-ல் கடைசிப் பதிப்பு வந்தது. 2007-ல் இனிப் புதுப் பதிப்பு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். 2015-ல் ஆதரவும் நின்றது. எங்கள் ஆபீஸில் மட்டும் அது தினமும் பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து வட்டிக் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தது. அதன் அந்தரங்கம் தெரிந்த பெரிய குமாஸ்தாவோ ஓய்வு பெறப் போகிறார். எல்லாவற்றையும் புது முறைக்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்குக் குரு என் தமக்கையின் மகள். "மாமா, கம்ப்யூட்டருக்குக் கதை சொல்லாதீங்க. என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்று முதல் நாளே கண்டித்துவிட்டாள். பிறந்த தேதி இல்லாத உறுப்பினர்களைப் பார்த்தபோது 'நல்' என்பதை விளக்கினாள். தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும் சமம் என்று இந்தப் பாஷை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதாம். தேதி உள்ளவர்களிலும் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருந்தார்கள். எல்லாம் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்களின் கிருபை!

அந்தச் சமயத்தில்தான் ஓர் அம்மாள் வந்தாள். தகரப் பெட்டியின் அடியில் அகப்பட்டது என்று கணவனின் பாஸ் புத்தகத்தை நீட்டினாள். அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறதாம். புதிய அட்டவணையில் அந்த எண் இல்லை. பழைய கணினியில் தேடினேன், அதிலும் இல்லை. "அப்படின்னா அவரு சேர்ந்ததே இல்லைங்களா, ஐயா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய மனிதர்!

பெரிய குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, ஸெட் டெலீடட் ஆப்-னு போட்டுப் பாருங்க" என்றார்.

போட்டேன். பெயர் வந்தது. அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி.

பாக்ஸ்ப்ரோவில் டெலீட் என்றால் அழிப்பதல்ல. பதிவின் முதல் இடத்தில் ஒரு நட்சத்திரத்தை வைத்துக் கண்ணுக்கு மறைப்பதுதான். 'பாக்' என்று உத்தரவிட்டால்தான் நிஜமாகவே போகும். செத்தவர் பெயர் மாதப் பிடித்தப் பட்டியலில் வரக்கூடாதென்று ஒரு மேஜையில் டெலீட் போட்டிருக்கிறார்கள். வாரிசுக்குப் பணம் கொடுப்பது இன்னொரு மேஜையின் வேலை. அந்த மேஜைக்கு யாரும் சொல்லவில்லை.

"முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பாக் போட்டதில்லை, தம்பி. மனசு வரவில்லை" என்றார் அவர்.

நட்சத்திரம் போட்டவர்களை எண்ணிப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம். கணக்குத் தீர்ந்தவர்களைக் கழித்த பிறகும் அறுபத்தேழு பேர் நின்றார்கள். பழைய குப்பையைப் புது வீட்டுக்குக் கொண்டுபோவானேன் என்று காரியதரிசி அபிப்பிராயப்பட்டார். நான் அவருக்குக் கதை சொல்லவில்லை. என் குரு சொன்னபடி, என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். அறுபத்தேழு பெயர்களையும் பக்கத்தில் பாக்கித் தொகையையும் அச்செடுத்து மேஜையில் வைத்தேன். கடைசியில் இருந்த மொத்தத்தை அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

புதிய அட்டவணையில் 'நிலை' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். காலமானவர், விலகியவர், கணக்குத் தீர்ந்தவர் என்று அதில் எழுதலாம். பதிவை அழிக்க குமாஸ்தா யாருக்கும் அனுமதி இல்லை. அந்த அம்மாளுக்குப் போன மாதம் செக் போயிற்று. நாற்பது பேர் வீட்டுக்குக் கடிதம் போட்டாயிற்று. பதினொன்று திரும்பி வந்துவிட்டன. மற்றவர்களுக்கு விலாசமே இல்லை. ஓய்வு பெற்ற பெரிய குமாஸ்தாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மில் தெருவில் வீடு வீடாக விசாரித்துக் கொண்டிருக்கிறோம்.