தலவாக்கலை மலையில் ஒரு தராசு

அவிசாவளையைக் கடந்து ஹட்டனை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, நெடுந்தூரம் களனி கங்கையைத் துணைகொண்டே நடக்கின்றது. கித்துல்கலையின் இறப்பர்த் தோட்டங்களைப் பின்னே விட்டுக் கினிகத்தேனை ஏற்றத்திற் கால்வைத்ததும் காற்றின் குணமே மாறிவிடுகின்றது. கீழே வெம்மையும் வியர்வையும். மேலே குளிரும் பனிமூட்டமும். ஹட்டனைத் தாண்டிக் கொட்டகலை வழியாகத் தலவாக்கலையை அணுகும்பொழுது டெவன், சென் கிளயர் என்னும் இரு அருவிகளையும் தெருவோரத்தில் நின்றே கண்டு களிக்கலாம். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் என்று இம்மலைகளைப் புகழாத பிரயாணி இல்லை. அக்கம்பளத்தை விரித்த கைகள் எவை என்று வினவுவோர் மிகச் சிலரே.

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். அது இன்று நாட்டின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாய் வளர்ந்திருக்கின்றது. 1925 இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையமும் தலவாக்கலையிலேதான் இருக்கின்றது. விஞ்ஞானம் இம்மலைக்குப் புதிதன்று. ஆயினும் அது தொழிலாளியின் கூடைக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கியது அண்மைக்காலத்திலேதான்.

தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலையைக் குறிக்கும் சொல். காலையிற் பிரட்டுக்களத்திற் கூடி மலைக்குச் செல்லும் பெண், குறித்த அளவு கொழுந்து பறித்தால் அவளுக்கு முழுப்பேர். அளவு குறைந்தால் அரைப்பேர். ஆகவே ஒரு கிலோ என்பது அவளுக்கு வெறும் நிறையன்று. அன்றைய அடுப்பின் நெருப்பு அது. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபொழுது, எத்தனை கிலோவுக்கு அச்சம்பளம் என்ற வாதம் பல தோட்டங்களிற் கூர்மையடைந்தது.

முன்னாளிற் கொழுந்து நிறுக்கும் முறை யாவரும் அறிந்ததே. சாக்கைத் தொங்கு தராசில் மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்லுவார். அது புத்தகத்தில் ஏறும். பின்னர் அலுவலகத்துச் செக்ரோலில் மீண்டும் எழுதப்படும். இப்பொழுது சில தோட்டங்களில் இலத்திரனியற் தராசு வந்திருக்கின்றது. தொழிலாளியின் அட்டையைக் கருவி படித்துக்கொள்ளுகின்றது. நிறை எண்களாய் ஒளிர்கின்றது. கணக்கு அக்கணமே பதிவாகி அலுவலகக் கணினியைச் சென்றடைகின்றது. ஒன்றை மீண்டும் பெயர்த்தெழுதுவதால் நேரும் பிழைக்கு அங்கே இடமில்லை.

இது நன்மையன்றோ என்று மடுவத்தருகே நின்ற முதிய தொழிலாளி ஒருத்தியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

“முன்னெல்லாம் கணக்கப்புள்ள ஐயா சொன்னதுதாங்க கிலோ. இப்ப நம்பரு நம்ம கண்ணுக்கும் தெரியுது. அது நல்லதுதான் சேர். ஆனா சாக்குக்கு, தண்ணிக்குன்னு கழிக்கிறாங்களே, அத மிசினா கழிக்குது? மனுசந்தான கழிக்கச் சொல்றான்?”

பட்டதாரிகள் பலர் நீண்ட கட்டுரையிற் கூறுவதை அவ்வம்மையார் ஐந்து வசனங்களிற் கூறிவிட்டார். கருவி கிராமையும் பிசகாமல் அளக்கும். அளந்ததில் எவ்வளவைக் கழிப்பது என்பதோ மனிதரின் தீர்மானம். அத்தீர்மானம் கணினிக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால், அது இயந்திரத்தின் நியாயம் போலவே தோற்றமளிக்கும். கணக்கப்பிள்ளையோடு வாதாடலாம், தராசோடு வாதாடுவது எங்ஙனம்?

தொழிற்சாலைக்குள் மாற்றம் இன்னும் கடுமையானது. காய்ந்த தேயிலையிலிருந்து காம்பையும் நாரையும் பெண்கள் அமர்ந்து கையாற் பொறுக்குவது ஒரு காலத்து வேலை. இன்று நிறம் பிரிக்கும் இயந்திரத்தின் கமரா ஒவ்வொரு துணுக்கையும் நோக்குகின்றது; காம்பெனக் கண்டதைக் காற்றை ஊதி அப்புறப்படுத்துகின்றது. பலர் கூடிச் செய்த வேலைக்கு இயந்திரத்தைக் கவனிக்கச் சிலரே போதும். 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமும் 2020 ஏப்ரிலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, கணினி வழி ஏலமாயிற்று. தளிர் முதல் ஏலம் வரை எண்களின் ஆட்சி பரவிவிட்டது.

ஆயினும் கொழுந்தை ஆய்ந்து கிள்ளும் விரல்களுக்கு ஈடாய் ஒரு கருவி செங்குத்தான இச்சரிவுகளில் இன்னும் நிலைபெறவில்லை. இரண்டிலை ஒரு மொட்டு என்பதை அவ்விரல்களே அறியும். அவற்றுக்குரியவர்கள் தம் கணக்கைத் தாமே படித்தறிய வேண்டும் என்பதே இன்றைய தேவை.

அதற்குச் செய்யத்தக்கவை பெருஞ்செலவானவையல்ல. நிறுத்த நிறை, கழித்த நிறை, எஞ்சிய நிறை ஆகிய மூன்றும் தனித்தனியாகத் தமிழில் அச்சிட்ட துண்டொன்று ஒவ்வொரு நிறுவைக்கும் தொழிலாளியின் கைக்குச் சேரவேண்டும். கழிவின் அளவு தொழிற்சங்கத்தோடு செய்யும் உடன்படிக்கையில் எழுத்தில் இருத்தல் வேண்டும். காம்பு பொறுக்கிய பெண்களுக்கு இயந்திரத்தை இயக்கும் பயிற்சியில் முதலுரிமை அளிக்கவேண்டும்.

மலையகத்து மாணவ மாணவியருக்கும் ஒரு சொல். மாலையில் அன்னை லயத்துக்குத் திரும்பியதும் அன்றைய நிறையைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். மாதமுடிவிற் கூட்டிச் சம்பளத்துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்திற் கற்ற கணிதத்துக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை. எண் தெரிந்த பிள்ளை இருக்கும் வீட்டில் எந்தத் தராசும் நேராகவே நிற்கும்.