நீலசந்திராவில் ஒரு ஹோட்டல் அறை

ஓசூர் ரோட்டைத் தாண்டி ஆனேபாளையா வழியாக நீலசந்திராவுக்குள் நுழைந்தால் பெங்களூர் சட்டென்று ஒடுங்கிவிடும். பஜார் தெருவில் எதிரே ஆட்டோ வந்தால் ஸ்கூட்டர்காரர் கடைப்படியோடு ஒட்டி நிற்கவேண்டும். தமிழும் உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்குகிற பேட்டை. வியாழக்கிழமையானால் பக்கத்து விவேக்நகர் குழந்தை இயேசு கோவிலுக்குப் போகிற கூட்டம் வேறு. இருபதுக்கு முப்பது மனையில் மூன்று மாடி, மாடிக்கு ஒரு குடித்தனம், பக்கத்துச் சுவருக்கும் நம் ஜன்னலுக்கும் நடுவே கைநீட்டித் தொடும் இடைவெளி.

என் சித்தி மகள் அப்படி ஒரு வீட்டின் முதல் மாடியில் லீஸுக்கு இருக்கிறாள். ஒரு தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பெங்களூர் ஏற்பாடு. கல்யாண நாளுக்குப் புதுச்சேரி போய், பெருமாள் கோயில் தெருவில் உள்ள மேசோன் பெருமாள் என்ற பூட்டிக் ஹோட்டலில் தங்கிவிட்டு வந்தவளுக்குத் தன் வீட்டு பெட்ரூம் ஒட்டவே இல்லை. "அண்ணா, நம்ம ரூமையும் அந்த மாதிரி பண்ணணும். நீங்க இந்த மாதிரி இடமெல்லாம் சுத்துறவங்க, ஒரு தடவை வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள்.

நான் போனபோது இன்டீரியர் கம்பெனி ஒன்று அளந்து, கணக்கும் கொடுத்துவிட்டிருந்தது. பால்ஸ் சீலிங், அதற்குள் ஸ்பாட் லைட், தலைமாட்டுக்கு மெத்தை தைத்த பேனல், மைக்கா ஒட்டிய அலமாரி. நாலரை லட்சம். "மச்சான், லீஸ் முடிஞ்சா சீலிங்க விட்டுட்டுத்தானே போகணும்?" என்று மாப்பிள்ளை கவலைப்பட்டார். அவர் கவலை நியாயமானது. அதைவிட எனக்கு உறுத்தியது உயரம். ஒன்பதடிக் கூரையில் அரையடியைச் சீலிங்குக்குக் கொடுத்தால், ஏற்கெனவே வெளிச்சமில்லாத அறை இன்னும் அழுத்தும்.

இந்த பூட்டிக் ஹோட்டல் பாணி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், காசு கொட்டிய இடத்திலிருந்து வரவில்லை. 1984இல் நியூயார்க்கில் இயான் ஷ்ரேகரும் ஸ்டீவ் ருபெல்லும் திறந்த மார்கன்ஸ் ஹோட்டலை இந்த வகையின் முன்னோடியாகச் சொல்வார்கள். அதை வடிவமைத்த பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே புட்மானுக்குக் கையில் இருந்த பட்ஜெட் சிறியது. அதனால் குளியலறைக்கு மலிவான கறுப்பு வெள்ளை டைல்ஸை வாங்கி, சதுரங்கக் கட்டம்போலப் பதித்தார். அந்த டைல்ஸ்தான் ஹோட்டலின் அடையாளமாகிப்போனது.

அதைவிட நீலசந்திராவுக்குப் பக்கத்தில் வரும் உதாரணம் கொழும்பில் இருக்கிறது. பகதலே வீதிக்குப் பக்கத்தில், 33ஆவது ஒழுங்கை, 11ஆம் இலக்கம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீடு. ஒரு சந்துக்குள் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை, 1950களின் கடைசியில் தொடங்கி, 1968 வாக்கில் நான்கும் கைக்கு வரும்வரை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கினார். இப்போது அங்கே விருந்தினர் தங்கலாம். சுற்றிப் பார்க்கவும் விடுகிறார்கள். உள்ளே போனால் நீண்ட வெள்ளை நடை. இருட்டும் ஒளியும் மாறி மாறி வரும். எங்கெல்லாம் சுவர் அடைக்கிறதோ அங்கே கூரையைத் திறந்து, ஆள் நிற்குமளவே உள்ள முற்றம் ஒன்றை விட்டிருக்கிறார். மேலிருந்து விழும் வெயில் வெள்ளைச் சுவரில் பட்டு, பக்கத்து அறைவரை பரவுகிறது. ஒரு முற்றத்தில் நம் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து போன மரத்தூண்கள் நிற்கின்றன. அங்கே அதிக நேரம் நின்றேன். காரைக்குடிப் பக்கம் இடித்துத் தள்ளிய வீடுகளிலிருந்து லாரி லாரியாகத் தூண்கள் போவதைப் பார்த்தவனுக்கு, அவற்றில் சில மதிப்போடு ஊன்றப்பட்டிருப்பதைக் காண மனசு நிறைந்தது.

என் தங்கைக்கு மேசோன் பெருமாளில் பிடித்ததும் ஒரு பழைய தமிழ் வீடுதான். முற்றம், தூண், குளிர்ந்த தரை, அறையில் குறைவான சாமான். கானாடுகாத்தானின் விசாலம் ஹோட்டலும் 1930களில் ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிய வீடு. நாம் விட்டுவிட்டு வந்த வீட்டு வழக்கங்களுக்குத்தான் இன்று ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தங்குகிறோம். இதை அவளிடம் சொன்னபோது, "அப்போ நம்மகிட்டயே இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

முதலில் அறையைக் காலி செய்தோம். கட்டிலடியில் இருந்த பெட்டிகள், கதவுக்குப் பின்னால் தொங்கிய துணிகள், பீரோ மேல் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் போயின. பாதி வேலை அதிலேயே முடிந்தது.

அடுத்து ஜன்னல். அதற்கு நேர் எதிரே பக்கத்து வீட்டுப் பூசாத சிமெண்ட் சுவர். பாவாவின் சுவர்கள் ஞாபகத்துக்கு வர, அந்த வீட்டு அம்மாவிடம் போய், ஜன்னலுக்கு எதிரே உள்ள பகுதிக்கு மட்டும் வெள்ளையடித்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். "ஒங்க காசு, எங்க செவுரு. தாராளமா அடிச்சுக்கோங்க" என்றார். ரெண்டு கோட்டு வெள்ளை அடித்தோம். காலை பத்து மணிக்கு மேல் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடிகிறது. இந்த நெரிசலான தெருக்களில் யாரும் செய்து பார்க்கலாம்; எதிர்வீட்டோடு பேச்சுவார்த்தை இருந்தால் போதும்.

இரவு வெளிச்சம் தனிக் கதை. நம் வீடுகளில் எரியும் டியூப் லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. ஹோட்டல் அறைகளில் 2700க்குப் பக்கத்தில், குண்டு பல்பின் மஞ்சள். பல்பு அட்டையிலேயே இந்த எண் அச்சிட்டிருக்கும், நாம் பார்ப்பதில்லை. உட்கார்ந்தால் கண்மட்டத்துக்குக் கீழே வெளிச்சம் வருமாறு கட்டிலின் இரண்டு பக்கமும் விளக்கு வைக்க முடிவு செய்தோம். அதற்காகக் கன்டோன்மென்ட் பக்கம் பாட்டரி டவுன் போனோம். தமிழ் பேசும் குயவர்கள் இருக்கிற இடம். கூஜா வடிவம் ஒன்றைக் காட்டி, ஒயர் நுழைய அடியில் துளை வேண்டும் என்றோம். "சூளைல வச்சப்புறம் ஓட்டை போட்டா வெடிச்சுரும், பச்சையா இருக்கறப்பவே போட்டுத் தரேன்" என்றார் பெரியவர். வாங்கிவந்த கூஜா இரண்டுக்கும் கைத்தறித் துணியில் ஷேடு தைத்தாள் தங்கை. அலமாரிக் கைப்பிடிகளை மட்டும் கழற்றிவிட்டு, சென்னபட்டணத்து அரக்குக் கடைசலில் செய்த குமிழ்களை மாட்டினோம். பழையவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள், காலி செய்யும்போது திரும்ப மாட்ட.

மூலையில் வைக்க ஒரு செடி தேடிப் போனோம். லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரத்து நர்சரிகளில் அரேகா பனை பார்க்க அழகாக இருந்தது. இந்த அறைக்கு வெயில் போதாது என்று தோன்ற, ஸ்நேக் பிளான்டோடு திரும்பினோம்.

படுக்கை. கரூரிலிருந்து பெட்ஷீட் வரவழைத்தோம். வெளிநாடுகளுக்கு வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிற ஊர் அது. பளபளக்கும் சாட்டின் நெசவை விட்டு, மொடமொடப்பான சாதா நெசவு, முழுப் பருத்தி, தூய வெள்ளை. கடையில் டபுள் காட் ஷீட் என்று கொடுக்கும் 90க்கு 100 அங்குலம், இப்போதைய தடித்த மெத்தைக்குப் பற்றாது. திரும்பிப் படுத்தாலே உருவிக்கொண்டு வரும். 108க்கு 108 வாங்கினால் நாலு பக்கமும் மெத்தைக்கடியில் மடித்துச் செருகலாம். ஹோட்டல் படுக்கையின் அந்த இறுக்கம் இதில்தான் வருகிறது. கால்மாட்டில் ஒரு பவானி ஜமக்காளம், சிவப்பும் பச்சையும் பட்டையாக. வெள்ளைத் துணியை பெங்களூர்த் தண்ணீர்க் கஷ்டத்தில் எப்படித் துவைப்பது என்று மாப்பிள்ளை கேட்டார். வெள்ளை என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாக வெந்நீரில் ஊறப்போடலாம், சாயம் போகாது. ஹோட்டல்காரர்களும் அதனால்தான் வெள்ளையை விடுவதில்லை. மொட்டை மாடி வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மொத்தச் செலவு இன்டீரியர் கம்பெனி கேட்டதில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. சுவரில் ஆணி அடிக்கவில்லை. எதிர்ச்சுவர் வெள்ளையைத் தவிர எல்லாமே ஒரு டெம்போவில் ஏற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடியவை.

வாடகை வீட்டில், லீஸ் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சொந்த வீடு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் சீலிங்கைத் தொடாதீர்கள். நல்ல பெட்ஷீட் இரண்டு செட்டும், 2700 கெல்வின் பல்பும் முதலில் வாங்குங்கள்.