அப்பப்பாவின் கறுப்புத் திரை

“லப்டொப் திரை கறுப்பாகுது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, “எப்ப?” என்றுதான். கை வைத்திருக்கும்போதா, சும்மா இருக்கும்போதா? அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஸ்காபரோவில் எங்களோடு இருக்கும் அப்பப்பா இதை இரண்டு கிழமையாக யாருக்கும் சொல்லவில்லை. கண்புரை ஒப்பரேஷன் முடிந்து ஒரு மாதம். லப்டொப்பில் வாசித்துக்கொண்டிருக்கும்போது எழுத்து மங்கி, பிறகு எல்லாம் இருண்டுபோகுமாம். “கண்தான் போகுதெண்டு நினைச்சனான் பிள்ளை. உங்களையும் ஏன் பயப்படுத்துவான் எண்டு விட்டிட்டன்.”

அவர் வாசிப்பது ‘நூலகம்’ தளத்தில் உள்ள பழைய ஈழநாடு பத்திரிகைகள். 2005இல் தொடங்கிய தன்னார்வ முயற்சி அது. இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து, இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அந்த நூலகத்தில் பிள்ளையாக இருந்து வாசித்தவர் அப்பப்பா. ஆகவே இது வெறும் லப்டொப் பிரச்சினை இல்லை.

விண்டோஸ் 11 ஏற்காத பழைய லப்டொப் என்பதால் அதில் உபுண்டு லினக்ஸ் போட்டிருந்தேன். ஐந்து நிமிடம் கீயோ மவுஸோ அசையாவிட்டால் அது திரையை அணைக்கும். நீங்கள் வீடியோ பார்க்கும்போது இது நடக்காது. “தூங்காதே” என்று பிரவுசரே கணினிக்குச் சொல்லிவிடும். வாசிப்பவருக்காக அப்படிச் சொல்ல யாரும் இல்லை. பொடி எழுத்துப் பத்திரிகைப் பக்கம் ஒன்றுக்கு அப்பப்பா பத்து நிமிடம் எடுப்பார். கணினியின் கணக்கில் அங்கே ஆளே இல்லை!

செற்றிங்ஸில் ‘பவர்’ பகுதிக்குப் போய் ‘ஸ்கிரீன் பிளாங்க்’ என்பதை ‘நெவர்’ ஆக்கலாம். ஆனால் அவர் அப்படியே நித்திரை கொண்டால் திரை விடியவிடிய எரியும். அதனால் ‘கஃபீன்’ என்ற சின்ன எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். மேலே ஒரு கோப்பிக் கோப்பை தெரியும். அழுத்தினால் திரை முழித்திருக்கும். அப்பப்பாவுக்கு அது தேத்தண்ணிக் கோப்பை.

அடுத்தது வெளிச்சம். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவருக்குக் கண் கூசியது. கீயை அழுத்தினால் திரையில் வெளிச்சக் கோடு இறங்குகிறது, வெளிச்சமோ இறங்கவில்லை. பழைய லப்டொப்புகளில் இது வழக்கம். வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் இருக்கும். கீ போய்ச் சேர்வது வேலை செய்யாத வழிக்கு. கணினி தொடங்கும்போது கேர்னலுக்கு ‘ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்’ என்று சொல்லவேண்டும் (ஆங்கில எழுத்தில்தான் அடிக்கவேண்டும், சிரிக்காதீர்கள்). ‘கிரப்’ கோப்பில் அதைச் சேர்த்து, கிரப்பை அப்டேட் செய்து, மீண்டும் தொடங்கினேன். சரியாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: வெளிச்சத்துக்கான எண்ணை நீங்களே கையால் மாற்றும்போது 0 போடாதீர்கள். சில லப்டொப்புகளில் அது முழு இருட்டு.

இரண்டு நாள் கழித்து, “பிள்ளை, திரும்பவும் போகுது.”

“எப்ப அப்பப்பா?”

“பக்கம் மாத்தேக்க.”

கை வைத்திருக்கும்போது! அப்படியென்றால் ஐந்து நிமிடக் கதை இல்லை. போய்ப் பார்த்தேன், பவர் லைற் மெல்ல மின்னிக்கொண்டிருந்தது. திரை மட்டும் அணையவில்லை, லப்டொப்பே தூங்கியிருந்தது. அதை எழுப்பி லொக்கைப் பார்த்தால், ‘மூடி மூடப்பட்டது’ என்று ஒரு வரி. திறந்து கிடக்கும் லப்டொப்பில்! மூடி மூடியிருப்பதை லப்டொப் அறிவது பெரும்பாலும் ஒரு காந்தத்தால். அப்பப்பாவின் போன் கவரிலும் ஒரு காந்தம், மடக்கினால் ஒட்டிக்கொள்ளும் வகை. அந்தப் போனைத்தான் கீபோர்ட்டின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு வாசிக்கிறார். இப்போது போன் யன்னல் பக்கம் போய்விட்டது.

உங்கள் வீட்டு லப்டொப்பில் திரை கறுத்து, ஆனால் ஃபான் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால், இருட்டறையில் திரைமேல் சரிவாக ரோச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்வெளிச்சம் மட்டும்தான் போயிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் எச்டிஎம்ஐ வயரால் டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் கணினி நன்றாக இருக்கிறது. திரையோ அதன் வயரோதான் பழுது. திருத்தக் கொடுக்கமுதல் விலையைக் கேளுங்கள். பழைய லப்டொப்புக்குப் புதுத் திரை போடும் காசில் சிலவேளை இன்னொரு பழைய லப்டொப்பே வாங்கிவிடலாம்.