கடலோரத்து நல்ல தண்ணீர்

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி ஊறும்? திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் குளித்து ஏறிய பேரன் கேட்டான். அதற்குக் கால்மணி நேரம் முன்புதான் கடலில் முங்கிக் கரையேறியிருந்தான். உதட்டில் உப்பு இன்னும் காயவில்லை. நாழிக்கிணற்றுத் தண்ணீர் தலையில் விழுந்து வாய்க்குள் இறங்கியதும், துப்பாமல் விழுங்கிவிட்டு, "தாத்தா, இது உப்பே இல்லையே!" என்றான்.

பாட்டி அவனுக்குக் கதை சொன்னாள். சூரனோடு போரிட்டுக் களைத்த படைவீரர்களின் தாகம் தீர முருகன் வேலை ஊன்றி வரவழைத்த ஊற்று இது என்றாள். கண்ணை விரித்துக் கேட்டான். கேட்டு முடித்ததும், "வேல் குத்தின பிறகு கடல் தண்ணி ஏன் உள்ள வரல?" என்றான். நல்ல கேள்வி. பெரிய கிணறு ஒன்றுக்குள் ஓரடிச் சதுரத்துக்குச் சின்னக் கிணறு. சின்னதில் தண்ணீர் தெளிவாக நிற்கிறது. அலைச் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் கடல் ஏன் சும்மா இருக்கிறது?

திருநெல்வேலியிலிருந்து விடியுமுன் கிளம்பி, திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி என்று கடலையொட்டித் தெற்கே போய், திசையன்விளை வழியாக ராத்திரிக்குள் வீடு திரும்புவதாகத்தான் ஏற்பாடு. வேன் நிறையச் சொந்தம், தூக்குவாளியில் புளியோதரை. குலசையில் முத்தாரம்மனைக் கும்பிட்டோம். தசராவுக்கு வேடம் கட்டி லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடும் ஊர்; 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கான இடமும் இங்கேதான். மருமகனும் தம்பியும் ராக்கெட் பேச்சில் இறங்கினார்கள். எனக்கு மனமெல்லாம் தண்ணீரில் கிடந்தது.

மணப்பாட்டில் மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. கீழே கடலைப் பார்த்த பாறையில் ஒரு குகை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கியிருந்த குகை என்று அதைப் போற்றுகிறார்கள். அதற்குள்ளும் ஒரு கிணறு. அதிலும் நல்ல தண்ணீர். முருகன் கோயிலில் தீர்த்தம் எடுத்த அதே பக்தியோடு இங்கேயும் ஜனங்கள் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். இந்தக் கரையில் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பக்கத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கிடைத்த இடத்தில்தானே மனிதர்கள் தங்கினார்கள். தங்கிய இடத்தில்தானே கோயில் எழும்பியது.

மணப்பாட்டு மணலில் கால் வைத்ததும் ஆச்சி நினைவு வந்துவிட்டது. அப்பாவைப் பெற்ற ஆச்சி; உடன்குடிப் பக்கம் பனங்காட்டு ஊரில் பிறந்தவள். பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கடற்கரைக்கு வருவாள். கருப்பட்டியும் அவலும் மடியில் இருக்கும். தண்ணீர் மட்டும் எடுத்து வரமாட்டாள். "அங்கன இல்லாத தண்ணியாக்கும்?" என்பாள். ஆற்றங்கரையில் வளர்ந்த எங்களுக்கு அது புரியாது. தாமிரபரணியை விட்டால் வேறு எந்தத் தண்ணீரையும் வாயில் வைக்க யோசிக்கிற பிள்ளைகள் நாங்கள்.

ஆச்சி முதலில் இடம் பார்ப்பாள். அலை வந்து போகிற ஈர மணலை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். மணல்மேடு சரிந்து இறங்குகிற அடிவாரத்துக்குப் போவாள். அங்கே அடப்பங்கொடி பச்சைப் பசேலென்று படர்ந்திருக்க வேண்டும். வாடிய கொடி என்றால் அடுத்த இடம். சங்கப் பாட்டில் அடும்பு என்று வருவது இந்தக் கொடிதான். கவடாகப் பிரிந்த அதன் இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்ட குறுந்தொகைப் புலவரும் இந்த மாதிரி ஒரு மேட்டடியில் தாகத்துக்கு உட்கார்ந்திருப்பார் என்று எனக்கொரு நினைப்பு.

இடம் அமைந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்காலிட்டு, இரண்டு கையாலும் மணலைப் பறிப்பாள். பறித்த மணலைக் கடல் பக்கமாகவே குவிப்பாள். முழங்கை ஆழம் போனதும் அடியில் மணல் கறுத்து, ஈரம் கசியும். முதலில் ஊறுவது கலங்கல். சிரட்டையால் கோரி வெளியே ஊற்றிவிடுவாள். மறுபடி ஊறும், அதையும் ஊற்றிவிடுவாள். பிறகு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் குழிக்குள் எட்டிப் பார்ப்போம். மணல்மணிகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி, ஒரு சாண் அகலத்துக்கு வானம் தெரிகிற அளவு தெளியும். அப்போது சிரட்டையைப் படுக்கவைத்து, ஓரத்தால் மேலாப்பில் மட்டும் கோருவாள். அவசரப்பட்டுக் கையை உள்ளே விட்ட என் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "மேலாப்புல கோருலே. அடியக் கலக்குனா கடல் எந்திரிச்சிரும்."

எல்லோரும் குடித்தான பிறகு குழியை மூடமாட்டாள். மேலே கொஞ்சம் கொடியை இழுத்துப் பரப்பிவிட்டு, "ஆடு மேய்க்க வாறவன் குடிப்பான்" என்பாள்.

ஆச்சி சொன்னது எத்தனை சரி என்று ரொம்ப காலம் கழித்து ஒரு நிலத்தடி நீர்ப் புத்தகத்தில் படித்தேன். ஒரு கன மீட்டர் நல்ல தண்ணீர் 1000 கிலோ. கடல்தண்ணீர் ஏறத்தாழ 1025 கிலோ. அந்த 25 கிலோ வித்தியாசத்தால், மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் கடல்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நிலத்தடி நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை உப்பை அழுத்திப் பிடித்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் படோன் கைபன் என்ற டச்சு ராணுவப் பொறியாளரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியாக எழுதிவைத்த கணக்கு இது. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் நெஞ்சு திடுக்கிடும். மேலே ஓரடி தண்ணீரை இறைத்துத் தீர்த்தால், கீழே கடல் மெல்ல மெல்ல 40 அடி வரை ஏறிவரும். இறைக்கிற குழாய்க்கு நேர் கீழே அது இன்னும் வேகமாகக் கூம்பி எழும். கடல் எழுந்திருப்பதென்றால் இதுதான். பேரனுக்கு இதைச் சொன்னேன். "அப்ப மழை கடல உக்கார வச்சிருக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அந்த மழையை வாங்கி வைத்துக்கொள்வது தேரி. திருச்செந்தூரிலிருந்து சாத்தான்குளம் போகிற பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணிகளின் மேல் இரும்புச்சத்து படிந்து செக்கச்செவேலென்று கிடக்கும் மணல்மேடுகள். காற்று கொண்டுவந்து குவித்தவை. அங்கே பெய்கிற மழை பெருகி ஓடாது. விழுந்த இடத்திலேயே உள்ளே போய், மணலுக்கடியில் கடலைப் பார்த்து மெதுவாக நகரும். போகிற வழியில் தாழ்வான இடம் கிடைத்தால் சுனையாக வெளியே வரும். குதிரைமொழித் தேரியின் ஓரத்தில், மேலப்புதுக்குடியில் அப்படி ஒரு சுனை இருக்கிறது. சுற்றிலும் சிவப்பு மணல். நடுவில் மட்டும் மரமும் நிழலும் தண்ணீரும். அங்கே குடியிருக்கிற சாமியின் பெயர் அருஞ்சுனை காத்த அய்யனார். ஒரு சுனைக்குக் காவலாக ஒரு தெய்வத்தையே உட்காரவைத்த ஊர்க்காரர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்து கூடுகிறார்கள்.

ஆனால் அந்தக் காவல் கோயில் எல்லையோடு நின்றுவிட்டது. ஆச்சி பிறந்த வீட்டுக் கிணறு இப்போது உவர். தென்னைக்கு என்று போர் போட்டார்கள். ஆழம் போதவில்லை என்று இன்னும் இறக்கினார்கள். மோட்டார் ராவும் பகலும் ஓடியது. ஒரு கோடையில் சோறு உப்புக் கரித்தது. இப்போது அந்த வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். இந்தப் பக்கத்துக் கரையோர ஊர்களில் இதே கதையை நிறைய வீடுகளில் சொல்லக் கேட்கிறேன். ஒரு பக்கம் ஆழத்திலிருந்து இறைக்கிறோம்; மறுபக்கம் தேரி மணலை லாரியில் அள்ளுகிறோம். மழையை வாங்குகிற மேட்டைக் கரைத்துவிட்டு, கிணறு உவர்த்துப் போனதென்று கடலைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

சாயங்காலம் உவரிக்குப் போனோம். சுயம்புலிங்க சுவாமி கோயில் கரையில், நேர்ந்துகொண்டவர்கள் ஓலைப்பெட்டியில் கடல் மணலை அள்ளித் தலையில் சுமந்துவந்து குவித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேர்த்திக்கடன் எப்படி வந்ததோ, எனக்கு அதில் ஒரு பெரிய புத்தி தெரிகிறது. கரையில் மணல் உயர்ந்தால் மழை தங்கும். மழை தங்கினால் தண்ணீர் நல்லதாக இருக்கும். என் மகளும் ஒரு பெட்டி சுமந்தாள். பேரன் தன் பங்குக்கு இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு போய்ப் போட்டான்.

திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலிலும் நாழிக்கிணற்றிலும் குளித்துச் சாமி கும்பிட்டதும் ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலப்புதுக்குடிச் சுனையையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு போவது நல்லது. பிளாஸ்டிக் பாட்டிலைத் தேரியில் போட்டுவிட்டு வராதீர்கள். கரையோரத்தில் நிலமோ வீடோ இருப்பவர்கள் போரை இன்னும் பத்தடி இறக்குமுன், முதலில் கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பிவிடுங்கள்.