பண்டரிபாயைச் சந்தேகிக்காத ஊர்

'அந்த நாள்' படத்தில் சிவாஜி எடுத்த எடுப்பிலேயே செத்துப்போவார். துப்பாக்கிச் சத்தம், ஒரு தள்ளாட்டம், சரிவு, முடிந்தது. எங்கள் ஊரில் அந்த இடத்தில் பெரிய முணுமுணுப்பு எழுந்தது. சிவாஜி வளர்ந்தது திருச்சி சங்கிலியாண்டபுரத்தில். "நம்ம ஊர்ப் பிள்ளை" என்று உரிமை கொண்டாடுகிற கூட்டம் பாயில் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் அவர் பிணம். "என்னய்யா படம் எடுத்துட்டு வந்திருக்க?" என்று டெக்கு கொண்டுவந்த பையனைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

எண்பதுகளின் பிற்பாதி. திருவெள்ளறையில் காதுகுத்து, சடங்கு, எது நடந்தாலும் ராத்திரி டெக்கு உண்டு. மண்ணச்சநல்லூரிலிருந்து கலர் டிவியும் டெக்கும் போர்வை சுற்றி சைக்கிள் கேரியரில் வரும். விடிய விடிய மூன்று படம். முதலில் சாமி படம், அடுத்து ரஜினியோ கமலோ, கடைசியில் பெருசுகளுக்காக ஒரு கறுப்பு வெள்ளை. அந்தக் கடைசிப் படம் எது என்று யாரும் கேட்டு வாங்கியதில்லை. கேசட் கடைக்காரர் எதைக் கொடுத்துவிட்டாரோ அது. அப்படி வந்ததுதான் இது.

கேசட் தேய்ந்து போயிருந்தது. திரையின் அடிப்பாகத்தில் வெள்ளைக் கோடுகள் குதித்துக்கொண்டே இருக்கும். பையன் அடிக்கடி எழுந்து டிராக்கிங்கைத் திருகுவான். அதற்கும் மசியாவிட்டால் மூடியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து மொடமொடப்பான ரூபாய் நோட்டை எடுத்து ஹெட்டைத் துடைப்பான். அதற்கென்றே புது நோட்டு ஒன்று வைத்திருந்தான், செலவழிக்க மாட்டான். ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் பார்த்துப் பார்த்து அமைத்த நிழல்கள் எல்லாம் அந்த நாடாவில் ஒரே தார்க் கறுப்பு. மாடிப்படியில் ஏறுவது யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். துப்பறியும் படத்துக்கு அது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

1954 தமிழ்ப் புத்தாண்டையொட்டி ஏவி.எம். வெளியிட்ட படம். இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தரேதான். அப்போது அவருக்கு வயது 27. வீணை வித்வான் எடுத்த படத்தில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. நடனமும் சண்டையும் கிடையாது. அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' தந்த உந்துதலில், ஒரே கொலையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லவைத்தார். முதலில் ராஜன் வேடத்தில் கல்கத்தா விஸ்வநாதனை வைத்துக் கொஞ்சம் எடுத்துவிட்டு, பிறகு சிவாஜிக்கு மாறினார்கள். துப்பறியும் சி.ஐ.டி. சிவானந்தமாக வரும் ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதையும் எழுதியவர். கதை 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிறது. செத்தவன் ரேடியோ இன்ஜினீயர், நாட்டைக் காட்டிக் கொடுத்தவன். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை தொடங்கி தம்பி, தம்பி மனைவி, நடனக்காரி அம்புஜம், மனைவி உஷா என்று எல்லாரிடமும் ஜாவர் அலட்டாமல் கேள்வி கேட்கிறார். அமெரிக்கத் துப்பறிவாளன் மழைக்கோட்டும் விஸ்கியுமாக அலைவான். நம்மவர் வீட்டுக் கூடத்தில் நிதானமாக உட்கார்ந்தே வேலையை முடித்துவிடுகிறார்.

பாதிப் படத்திலேயே ஊர் இரண்டு பட்டுவிட்டது. தம்பிதான் என்றார் பெரியப்பா. சொத்துத் தகராறு பார்த்தவர், அவருக்கு வேறு கோணமே கிடையாது. அத்தை அம்புஜத்தை விடுவதாக இல்லை. உஷாவாக வந்த பண்டரிபாய் பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

எங்களுக்குப் பண்டரிபாய் என்றால் அம்மா. 'தெய்வ மகன்' சிவாஜிக்கு அம்மா, இன்னும் எத்தனையோ பேருக்கு அம்மா. திரையில் அவர் வந்தாலே அத்தை முந்தானையைக் கண்ணுக்குத் தயாராக வைத்துக்கொள்வாள். உஷா கையில் துப்பாக்கியைப் பார்த்ததும், "ச்சீ, அது யார் கையிலிருந்தாவது பிடுங்கியிருக்கும்" என்றாள். 1954-ல் படம் பார்த்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்களுக்குப் பண்டரிபாய் இரண்டு வருஷத்துக்கு முன் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடியாக வந்த இளம்பெண். பாலசந்தர் கணக்குப் பண்ணியிருக்கவே முடியாத ஒரு மறைப்பை, நடுவில் வந்த முப்பது வருஷ அம்மா வேடங்கள் படத்துக்குச் செய்து கொடுத்தன. முதல் சுற்றில் பெரிதாக ஓடாத படம், திருவெள்ளறையில் கடைசி ரீல்வரை எங்களை ஏமாற்றியது.

மறுநாள் காலை நாலு மூலைக் கேணிப் பக்கமும் இதே பேச்சு. தந்திவர்மப் பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டுவித்த மார்ப்பிடுகு பெருங்கிணறு அது. ஸ்வஸ்திக வடிவம், நாலு பக்கமும் படிக்கட்டு. ஒரு படியில் இறங்கினவருக்கு அடுத்த படியில் இருப்பவர் தெரியமாட்டார். ஊரில் மாமியார் மருமகள் கிணறு என்பார்கள். முகம் தெரியாமல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வழக்காடுவதற்கு வாகான இடம். "புருஷனைச் சுட்டது சரிதான், நாட்டுத் துரோகிதானே" என்று ஒரு குரல் வந்தது. எந்தப் படியிலிருந்து என்று தெரியவில்லை, பெண்குரல். பெரியப்பா நெடுநேரம் பதில் சொல்லவில்லை.

பெரியப்பாவும் அத்தையும் இப்போது இல்லை. மண்ணச்சநல்லூரில் அந்தக் கேசட் கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ். சத்திரம் பேருந்து நிலையத்தருகே நடைபாதையில் வாங்கிய டிவிடியைப் போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் போட்டேன். படம் கண்ணாடியாக இருந்தது. மாடிப்படியில் ஏறுவது யாரென்று தெரிகிறது, சுவரில் விழும் நிழலின் விளிம்புகூடத் தெரிகிறது. முடிவு தெரிந்தே பார்ப்பதால் என் கண் பண்டரிபாயை விட்டு நகரவில்லை. ஜாவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் துக்கத்தோடு பதில் சொல்கிறார். அந்தத் துக்கத்தில் பொய் இல்லை, மறைப்பு மட்டும்தான் இருக்கிறது. இதை ஒரே முகத்தில் வைத்துக் காட்டியதற்கு சிவாஜிக்குக் கிடைத்த பேரில் பாதியாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அக்கா மகனுக்குப் பண்டரிபாய் யாரென்றே தெரியாது. கால் மணி நேரம் ஓடியிருக்கும், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாமா, பொண்டாட்டிதான் சுட்டிருக்கா" என்றான். எப்படிடா என்றேன். "வேற யாரு மாமா, அவங்கதானே ஹீரோயின்" என்றான். அக்கா அடுப்படியிலிருந்து, "டேய், அவங்களைப் போயி அப்படிச் சொல்லாத" என்று அதட்டினாள்.